காவடி முள்ளில் ஏறிய துரு

சொல்லாமல் கொள்ளாமல் என் தம்பி வாசலில் வந்து நின்றால் எனக்கு முதலில் கெட்டதுதான் தோன்றும். என் சுபாவம் அப்படி. அன்றும் ஹுன்னஸ்கிரியவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கண்டி மகியாவையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கு என்னடா ஆச்சு என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, கக்கத்தில் இடுக்கியிருந்த பழைய பால்மா டின்னை மேசைமேல் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான். திறந்து பாருங்க என்று கண்ணால் காட்டினான்.

உள்ளே மஞ்சள் துணி. பிரிக்கும்போதே கையோடு கிழிந்து வந்தது. அதற்குள் அப்பாவின் முட்கள்.

பறவைக் காவடி எடுப்பவருடைய முதுகிலும் காலிலும் குத்துகிற கொக்கிகளைத்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முள் என்போம். டிராக்டரில் நீளமான மரம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிடுவார்கள். கயிற்றுக்கு ஒரு முள். அந்த முட்களில் ஆள் குப்புறத் தொங்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கிற லயங்களையெல்லாம் வலம் வந்து கோயிலடியில் இறங்குவார். அவரைத் தாங்குவது அந்த இரும்பும் அவருடைய தோலும்தான். அப்பா பல வருடம் எடுத்தார். சின்ன வயதில் நான் ஒரு தடவையாவது அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். டிராக்டர் சத்தம் நின்ற பிறகுதான் தலையை வெளியே எடுப்பேன்.

பிறகு கலவரம், சண்டை என்று நாடு கெட்டது. திருவிழா ஒரு பூசையோடு சுருங்கிப்போனது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். டின் லயத்துக் கூரையின் ஒழுக்குக்குக் கீழே எங்கேயோ கிடந்திருக்கிறது. ஹுன்னஸ்கிரியவின் பனிக்கும் மழைக்கும் தகரமே தாங்காது, இரும்பு எம்மாத்திரம். முட்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே செங்கட்டியாக இருந்தன. தொட்டதும் விரலெல்லாம் செங்கல் தூள் மாதிரி அப்பிக்கொண்டது.

இந்தப் பங்குனியில் திருவிழாவைப் பழையபடி நடத்தக் கோயில் கமிட்டி முடிவு செய்திருக்கிறது என்று தம்பி சொன்னான். தான் பறவைக் காவடி எடுக்கப்போவதாகவும், அப்பாவின் முள்ளிலேயே எடுக்கப்போவதாகவும் சொன்னான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எதற்கு நேர்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவனுடைய மகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்து, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். கண் திறக்காமல் கிடந்த பிள்ளையின் கட்டிலடியில் நானும் அவனும் மாறி மாறி நின்றிருக்கிறோம். அவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் என்னவும் செய்வான்.

முட்களை ஏன் என்னிடம் கொண்டுவந்தான் என்பதற்கும் காரணம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் கத்தி, கத்தரிக்கோல், கவ்வி என்று கருவிகளைக் கழுவி, அவித்து, அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் இரும்பைச் சுத்தம் பண்ணத் தெரிந்தவள் நான்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். எங்கள் தியேட்டர் சிஸ்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். துருப் பிடித்துக் குழி விழுந்த சாமானை என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியாதா, தூக்கிப் போட வேண்டும் என்றார். அதுதான் எங்கள் சட்டம். நானே எத்தனையோ கவ்விகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

புது முள் வாங்கு என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். டவுனில் பூசைச் சாமான் கடையில் பளபளவென்று தொங்குகின்றன. ஆனால் அதைச் சொல்லும்போதே எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு முந்திய வருடம் வேறு தோட்டத்து ஆள் ஒருவரை முதுகு கிழிந்த நிலையில் எங்கள் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அவரோடு வந்த முள்ளைக் கழுவியவள் நான். கடையில் வாங்கியது. பாரம் தாங்காமல் வளைவு விட்டு, ஆணி மாதிரி நிமிர்ந்து போயிருந்தது. அப்பாவின் முட்களோ தோட்டத்துக் கொல்லர் காய்ச்சி அடித்தவை, பென்சில் தடிப்பு. ஆனால் அந்தத் தடிப்பில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு துரு?

இதுதான் என்னைப் போட்டு வாட்டியது. துரு வெளியே இருக்கிற அழுக்கு இல்லை. இரும்புதான் துருவாகியிருக்கிறது. துருவை எடுத்தால்தான் உள்ளே மிச்சம் என்ன என்று தெரியும். எடுக்கிற வேகத்தில் மிச்சமிருப்பதையும் சேர்த்து எடுத்துவிட்டால்? ஒரு நூல் அளவு தேய்ந்தாலும் அது என் தம்பி தொங்கப்போகிற இரும்பு. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, காவடி எடுக்கிறவன் விரதத்தைத் தொடங்கும் முன்னமே நீ தொடங்கிவிட்டாய் என்று கிண்டலடித்தார்.

அவர் வேலை செய்வது அலவத்துகொட ஊர் முதலாளி ஒருவரின் ஹார்ட்வெயார் கடையில். மறுநாளே இரும்பு தேய்க்கிற எமரித்தாள் ஒரு சுருள் கொண்டுவந்தார். பத்து நிமிட வேலை, கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நான் தாளைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே எறிந்தேன். எமரித்தாளுக்குத் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. எல்லாவற்றையும்தான் அரிக்கும். அதுவும் அது போடுகிற கீறலுக்குள் திரும்பவும் துருதான் வந்து குந்தும். தம்பியின் சிநேகிதன் ஒருவன் கராஜில் பேட்டரி அசிட்டில் முக்கித் தருவதாகச் சொல்லியனுப்பினான். அவனுக்கு நான் சொல்லியனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

நான் மெதுவாகப் போக முடிவு செய்தேன். முதலில் கட்டியை அப்படியே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை. ஊறி ஊறி, ஒவ்வொன்றாகத் தானே விட்டுக்கொடுத்தன. பிறகு தேங்காய்நார்த் தும்பாலும் சாம்பலாலும் தேய்த்தேன். தும்பு இரும்பைக் கீறாது, மேலே பொருக்குத் தட்டியிருப்பதைத்தான் எடுக்கும். அதற்கும் அசையாத துருவுக்குக் கொறக்கா. மீன் குழம்புக்குப் போடுகிற கொறக்காவைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு அந்தத் தண்ணீரில் முள்ளைப் போட்டேன். புளிப்பு துருவைத் தின்னும். தின்று முடித்தால் இரும்பையும் தின்னத் தொடங்கும். அதனால் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். எடுத்துப் பார்ப்பேன், தும்பால் ஒரு தேய்ப்பு, மறுபடி போடுவேன். கறுப்பு கரைந்து சாம்பல் நிறம் தெரிந்ததும் வெளியே எடுத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசுவேன். அப்போதுதான் புளிப்பு அடங்கும்.

அத்தோடு வேலை முடியாது. கண்டியின் ஈரத்தில், கழுவிய இரும்பைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். முதல் முள்ளை அப்படி விட்டுவிட்டு வந்து பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி, சூடான தகரத்தில் வைத்து உலர்த்தி, சூடு ஆறுவதற்கு முன்னமே தையல் மெஷின் எண்ணெய் தடவினேன். வேலை முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே பாடுதான். வீடு முழுக்க மண்ணெண்ணெயும் கொறக்காவும் மணத்தது. என் வீட்டுக்காரர், இந்தக் குழம்பு எப்போ இறங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

துரு போனதும் முட்களின் முகம் தெரிந்தது. பெரும்பாலானவற்றில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஒன்றே ஒன்று மட்டும் வழவழவென்று, கொல்லர் நேற்று அடித்தது போல் வந்தது. அதைத் தனியே எடுத்துத் தடவிப் பார்த்தேன். எல்லாமே இப்படி இருந்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேனே என்று நினைத்தேன். குழி விழுந்தவற்றைப் பார்க்கப் பார்க்க சிஸ்டர் சொன்னதுதான் காதில் கேட்டது.

என் பயத்தை இனிப் பொறுக்க முடியாது என்று என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். தொங்கவிட்டுப் பார்ப்போம் என்றார். கடையிலிருந்து சீமெந்துப் பை ஒன்றைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். குசினிக் கூரை வளைமரத்தில் கயிறு கட்டி, கயிற்றில் முள்ளை மாட்டி, முள்ளில் பையைத் தூக்கினோம். ஆளின் பாரம் எல்லா முட்களுக்கும் பிரிந்துதான் போகும். ஒரு முள் தனியே ஒரு சீமெந்துப் பையைத் தாங்கினால் காவடியில் அதற்கு வருவது அதில் ஒரு பங்குதான் என்று அவர் கணக்குச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

குழி விழுந்த முட்கள் ஒவ்வொன்றாகத் தாங்கின. நான் பையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் பார்த்தேன். தாங்கின. கடைசியாக அந்த வழவழப்பான முள்ளை மாட்டினோம். அதைப் பற்றி எனக்குப் பயமே இருக்கவில்லை. கையை எடுத்ததும் சுள்ளி முறிவது போல் ஒரு சின்னச் சத்தம். பை தரையில் விழுந்து வெடித்தது. அடுப்பு, பானை, என் தலை எல்லாவற்றிலும் சீமெந்து. என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றில் மிச்சமிருந்த துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. எப்போதோ விட்ட வெடிப்பு. அதற்குள் துரு கள்ளத்தனமாக ஓடியிருக்கிறது. புறத்தோலில் மட்டும்தான் இரும்பு பளபளத்தது.

அன்றோடு என் கண் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் ஒரு கருவியைப் பார்த்த மாத்திரத்தில் நல்லது, கெட்டது என்று சொன்னவள் நான். மறுநாள் தியேட்டரில் நல்ல கத்தரிக்கோல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதில் சிஸ்டரிடம் ஏச்சும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, தாங்கிய முட்களையும் மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்னொரு சீமெந்துப் பையைக் கொண்டுவந்து தந்தார். முறிந்ததற்குப் பதிலாக, தோட்டத்தில் காவடிக்காரர்களுக்கு முள் குத்துகிற பெரியவர் தன்னிடமிருந்த பழைய முள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதையும் விடவில்லை. அதுவும் தாங்கியது.

முட்களை வாங்கிப்போகத் தம்பி வந்த அன்று, அவனைக் கையோடு கூட்டிப்போய், டெட்டனஸ் வராமலிருக்க ஏற்பு ஊசி போடவைத்தேன். ஏற்பு நோய் வந்த ஒரு மனிதரை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். வில் மாதிரி வளைந்து கிடந்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தம்பியோ ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்து, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். முதுகெல்லாம் கொக்கி போட்டுத் தொங்கப்போகிறவன் இவன்தான் என்று நர்ஸிடம் சொன்னேன். நர்ஸ் நம்பவில்லை. வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவனைச் சீண்டினேன். கொஞ்ச நேரமாவது என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது.

முட்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, புது டின்னில் போட்டு, ஈரம் படவே கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். லயத்தின் முன்னால் தோரணம் கட்டியிருந்தார்கள். பிள்ளை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சுவரிலிருந்த சாமித் தட்டில் வேல் படத்துக்கு முன்னால் தாம்பாளம் ஒன்று இருந்தது. முட்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எலுமிச்சை குத்தியிருந்தது. நாங்கள் தேசிக்காய் என்போம்.

பிள்ளையை இறக்கிவிட்டேன். எப்போது குத்தியது என்று கேட்டேன். கண்ணேறு படாமலிருக்கவும் நுனி யார் மேலும் படாமலிருக்கவும் காப்புக் கட்டிய அன்றே குத்தியது என்று தம்பியின் மனைவி சொன்னாள். எங்கள் ஆட்கள் வேல் நுனியில், அலகு நுனியில் தேசிக்காய் குத்துவது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து பார்த்து வருவதுதான். நானும்தான் அதை நினைக்கவில்லை. காப்புக் கட்டிய அன்று குத்திய தேசிக்காய் இத்தனை நாள் இரும்பின் நுனியில் புளித்துக்கொண்டிருந்திருக்கிறது. கொறக்காத் தண்ணீரில் எட்டி எட்டிப் பார்த்துப் போட்டு எடுத்த இரும்பு. தேசிக்காயின் தோல் நுனியைச் சுற்றிக் கறுத்து, கறுப்புத் தண்ணீர் வடிந்து தாம்பாளத்தில் காய்ந்திருந்தது.

கையை நீட்டி ஒரு முள்ளை எடுத்து, அதிலிருந்த தேசிக்காயைப் பிடுங்கினேன். தம்பி அப்போதுதான் குளித்துவிட்டு உள்ளே வந்தான். விரதத்தில் மெலிந்து, தாடியோடு, காவி வேட்டியில் இருந்தான். என் கையிலிருந்த தேசிக்காயைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. என்னோடு சத்தம் போட்டுப் பேசாத பிள்ளை அவன்.

"அக்கா, அது காவலுக்கு வச்சது. தொடாதீங்க."

"காவலுக்கு வச்சதுதான்டா தின்னுது," என்றேன். "இங்க பாரு."

நுனியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஊசி மாதிரி இருந்த நுனி எறும்பு அரித்த சீனிக்கட்டி மாதிரி சொரசொரத்து, மழுங்கிப்போயிருந்தது. கூரான முள் தோலைக் குத்தும். மழுங்கிய முள் தோலைக் கிழிக்கும். அவனுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. காவலை நடுவில் எடுத்தால் குற்றம் வந்துவிடுமே என்று அவன் மனைவி அழத் தொடங்கினாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் அவளுடைய பயம். அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை. அவள் பயம் பிள்ளைக்கு. என் பயம் தம்பிக்கு. இரண்டில் எதை விட்டுவிடச் சொல்வது?

கடைசியில் தம்பிதான் வந்து தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தேசிக்காயையும் தன் கையாலேயே எடுத்து வேல் படத்தின் அடியில் வரிசையாக வைத்தான். காவல் அங்கேயே இருக்கட்டும், சாமிக்கு விளங்கும் என்று மனைவியிடம் சொன்னான். அவள் சமாதானமாகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் முட்களை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் உட்கார்ந்தேன். முதலில் சோடாத் தண்ணீர். பிறகு சாணைக்கல். எண்ணெய் விட்டு, கல்லின் மேல் நுனியை மட்டும் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்லத் தீட்டினேன். வளைவில் கல் படக்கூடாது. பாரமெல்லாம் வளைவில்தான். விரல் நகத்தில் நுனியை வைத்துப் பார்ப்பேன், வழுக்காமல் நின்றால் கூர். வழுக்கினால் திரும்பக் கல். ஒன்றில் நுனி அதிகமாகவே போயிருந்தது. அதைத் தீட்டத் தீட்ட முள் கட்டையாகிக்கொண்டே வந்தது. நடுவில் வைத்துவிட்டு, கொஞ்சம் உலாவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பொழுது சாயும்போது எல்லாவற்றையும் பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி முடித்தேன்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் மேளம் முழங்க, தம்பியைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். முள் குத்துகிற பெரியவர் வந்தார். நான் ஆஸ்பத்திரிப் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகப் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உன் மருந்தை நீ போடு, என் மருந்தை நான் போடுகிறேன் என்று சொல்லி, நான் ஸ்பிரிட்டால் துடைத்துத் தந்த முள்ளில் விபூதியைப் பூசினார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

அவர் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஒரே தள்ளில் முள்ளை ஏற்றினார். நான் முள்ளின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் போய் மறுபக்கம் சுத்தமாக வந்தது. கிழியவில்லை. அடுத்ததும் அப்படியே. கட்டையாகிப்போன முள்ளை எடுத்ததும் பெரியவரின் கை ஒரு கணம் நின்றது. திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கெண்டைக்காலுக்கு வைத்துக்கொண்டார்.

கயிறு பூட்டி, டிராக்டர் இயங்கத் தொடங்கியது. தூக்குவதற்கு முன் தம்பி தலையைத் திருப்பி என்னைத் தேடினான். மேளச் சத்தத்தில் அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கிட்டப்போய்க் காதைக் கொடுத்தேன்.

"அக்கா, தாங்குமா?"

இத்தனை நாளாக இரவும் பகலும் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவன் மனதில் அந்தக் கேள்வியே இல்லை என்று நினைத்திருந்தேன். சீமெந்துப் பையைத் தாங்கியது, இரண்டு தடவை தாங்கியது. ஆனால் வழவழவென்றிருந்தது சொல்லாமல் முறிந்ததே. மற்றவற்றுக்குள் என்ன ஓடியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணையே எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாங்கும்டா," என்றேன். "நான்தானே கழுவினேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மரம் எழும்பியது. கயிறுகள் விறைத்தன. முதுகுத் தோல் கூடாரம் மாதிரி மேலே இழுபட, என் தம்பி நிலத்தை விட்டு மேலே போனான்.

சின்ன வயதில் பார்க்காமல் விட்டதையெல்லாம் அன்று சேர்த்துப் பார்த்தேன். டிராக்டருக்குப் பக்கத்திலேயே, கல்லும் பள்ளமும் பார்க்காமல், அண்ணாந்தபடி நடந்தேன். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து அரோகரா போட்டார்கள். நான் முட்களின் வளைவைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் குலுங்கினான், நான் செத்துப் பிழைத்தேன். ஒரு திருப்பத்தில் முள் கொஞ்சம் நிமிர்வது போல் பட்டது. வெயில் பட்டுத்தான் அப்படித் தெரிந்தது. பிள்ளையை வழியில் யாரோ தூக்கிக் காட்டினார்கள். அவள் கையை ஆட்டினாள். அவன் பார்த்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோயிலடியில் இறக்கினார்கள். முறியவில்லை. நிமிரவில்லை. கிழியவில்லை. பெரியவர் ஒவ்வொன்றாகக் கழற்றித் தாம்பாளத்தில் போட, காயத்தில் விபூதி அப்பினார்கள். நேர்ந்தவனுக்கு இரத்தம் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். வந்தது. கொஞ்சம்தான். நான் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்கு ஓடினேன்.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது அது. இரத்தத்தைப் போல இரும்பைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. காயும் முன் கழுவ வேண்டும். அதுவும் பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் பட்டால் ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். எத்தனை பேருடைய இரத்தத்தை அப்படிக் கழுவியிருக்கிறேன். பீலித் தண்ணீரில் என் தம்பியின் இரத்தம் கரைந்து ஓடியபோதுதான் அழுகை வந்தது. முடிந்தது முருகா, முடிந்தது முருகா என்று வாய்விட்டே அழுதேன். அப்படியே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி மெல்ல மெல்ல நடந்து அங்கே வந்தான். முதுகெல்லாம் விபூதித் திட்டுகள். முகம் நிறைந்து போயிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அவனிடம் நான் கண்டதில்லை. குனிய முடியாமல் நின்றபடியே தாம்பாளத்தைப் பார்த்தான்.

"நல்லா எண்ணெ போட்டு வைங்க அக்கா. மூணு வருசத்துக்கு நேந்திருக்கேன்."

இன்னும் இரண்டு பங்குனி. கையிலிருந்த முள்ளைப் பார்த்தேன். இதை இப்படியே, இரத்தத்தோடு, துணியில் சுற்றி டின்னில் போட்டு மூடிவிட்டால் போதும். இந்தப் பனிக்கு அடுத்த பங்குனிக்குள் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். யாருக்கும் தெரியாது. அப்போது அவன் என்ன செய்வான்? டவுனுக்குப் போய்ப் பளபளவென்று புது முள் வாங்கிக்கொண்டு வந்து தொங்குவான்.

மேளம் மறுபடி தொடங்கியது. அவனைக் கூப்பிட்டார்கள், போனான். முள்ளின் வளைவில் இரத்தம் இன்னும் இருந்தது. அது காய்வதற்கு முன் தேய்க்கத் தொடங்கினேன்.